யாரும் தொடாமல் பிழைத்தவர்

"பெரிய வெள்ளி, மூன்று மணி வழிபாடு. கடும் வெயில். கட்டை அண்ணே விழுந்தார். யாரும் தொடவில்லை, இறைவனுக்கு நன்றி." அன்றைய என் நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்.

எங்கள் ஜார்ஜ்டவுன் நகரம் உருவான நாளிலிருந்து, யாரும் கிட்டே வராததால் உயிர் பிழைத்த ஒரே மனிதர் அவர்தான். எந்தச் சபையிலும் இதை வாதாடத் தயார்.

பக்கத்து ஊரான ஜுருவில் பழைய கார், அவர் வாயில் 'கெரேத்தா', விற்பது அவர் தொழில். பட்டப்பெயர் எங்கள் தமிழ்க் கோயில் தந்தது. பெரிய வியாழன் இரவிலிருந்து உயிர்ப்பு விழாவரை கோயிலில் மணி அடிப்பதில்லை. பதிலுக்கு ஒரு மரக்கட்டையை ஆட்டிக் கடகடவென்று ஒலி எழுப்புவோம். அதை அண்ணே ஆட்டினால் அக்கம்பக்கத்துப் பூனைகள் வேறு கோயிலின் பங்குக்கு மாறிவிடும்.

மாரடைப்பு வந்து அவர் இதயம் பலவீனமானது. துடிப்பு எப்போது வேண்டுமானாலும் தாறுமாறாகி நின்றுவிடலாம் என்றார் டாக்டர். உள்ளே கருவி பொருத்துவதா என்று முடிவாகும்வரை ஒரு மின்சாரச் சட்டையை அணியச் சொன்னார். ஆபத்தென்று தோன்றினால் அது அலறும். நினைவிருந்தால், அணிந்தவரே இடுப்புப் பெட்டியின் பொத்தான்களை அமுக்கி நிறுத்த வேண்டும். அமுக்கவில்லையென்றால் ஷாக் கொடுத்து இதயத்தை வழிக்குக் கொண்டுவரும்.

"ஏர்பேக் மாதிரி லா. கெரேத்தாவுல இல்ல, சட்டையில இருக்கு, அவ்வளவுதான்" என்பார் அண்ணே.

வினை பெரிய வெள்ளி வழிபாட்டு ஒத்திகையில் வந்தது. கட்டையை அவர் ஆட்டிய வேகத்தில் குழம்பிப்போன சட்டை 'வீல்' என்று அலறியது. பங்குப் பேரவைத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எல்லோருக்கும் 'சார்'. அவர் முகம் சிவந்தது.

"மணியே அடிக்கக் கூடாத நாளுப்பா. ஒரு மணி நேரம் அதைக் கழட்டி வையேன்."

"குளிக்கிறப்ப மட்டும்தான் கழட்டணும் சார். கோயிலுக்கு நான் குளிக்கவா வர்றேன்?"

"அப்ப வீட்லயே இருந்துக்க."

"இருக்க மாட்டேன். கட்டையும் ஆட்டுவேன், சட்டையும் போடுவேன். சாவுக்கே பயப்படல, உங்களுக்கா பயப்படுவேன்?"

அதோடு விட்டாரா? ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும், தேநீர் மேசைக்குப் பக்கத்து பெஞ்சில் ஏறி நின்று ஊருக்கே கேள்வி-பதிலாய் ஞானோபதேசம் நடத்தினார்.

"நான் அமுக்கினா?"

"நீங்க உசுரோட இருக்கீங்க!"

"நான் அமுக்கலேன்னா?"

"ஆம்புலன்ஸ் கூப்பிடணும்!"

"ஷாக் அடிச்சு முடியிற வரைக்கும்?"

"யாரும் தொடக் கூடாது!"

சார் மட்டும் இந்தப் பாடத்தில் சேரவில்லை. பிஸ்கட்டை மென்றுகொண்டிருந்தார்.

பெரிய வெள்ளியன்று, பாடுகளின் வாசகத்தில் இயேசு உயிர்விடும் இடம் வந்தது. எல்லோரும் முழந்தாளிட்டோம். மூச்சுச் சத்தம்கூட இல்லாத அந்த மௌனத்தில் சட்டை அலறியது. சட்டையின் வழக்கமான அடாவடி என்றே நினைத்தோம். ஆனால் அண்ணேயின் கை பெட்டிக்குப் போகவில்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார்.

அடுத்த இருக்கையில் சார். சத்தத்தை எப்படியாவது அடக்கிவிட வேண்டுமென்று பொத்தான்களை நோக்கிக் கையை நீட்டினார். அவர் அமுக்கியிருந்தால், அண்ணே நினைவோடு இருக்கிறார் என்று நம்பிச் சட்டை சும்மா இருந்திருக்கும்.

"தொடாதீங்க சார்!"

கோயிலே கத்தியது. பாடகர் குழு, பலிபீடப் பணியாளர், அண்ணேயின் மனைவி, எல்லோரும். அந்த ஆண்டு நாங்கள் ஒரே சுருதியில் எழுப்பிய ஒரே ஒலி அதுதான். சாரின் கை அந்தரத்தில் நின்றது. விலகி நிற்கும்படி சட்டை ஆங்கிலத்தில் எச்சரித்தது. அண்ணேயின் உடல் ஒரு முறை தூக்கிப் போட்டது. பிறகு மெல்லக் கண் திறந்தார்.

"சார்... தொட்டீங்களா?"

"இல்லப்பா. சத்தியமா தொடலப்பா" என்ற சார் அழுதுவிட்டார்.

இப்போது அண்ணேயின் நெஞ்சுக்குள்ளேயே கருவி இருக்கிறது. கட்டையும் அவர் கையில்தான் இருக்கிறது. பூனைகள் இன்னும் திரும்பவில்லை.

அன்று முதலில் கத்தியது யார் என்று பலரிடம் விசாரித்தேன். எல்லோரும் 'நான்தான்' என்கிறார்கள். இன்றுவரை என்னால் அதை உறுதிசெய்ய முடியவில்லை. உயிர்ப்பு ஞாயிறன்று பாட எனக்குக் குரல் இல்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.