ராசாவோடு ஒரு படம்

கூத்து முடிந்து விடிந்துவிட்டது. பாசையூர் மேடைக்கு முன்னால் ரசிகர்கள் வரிசையில் நின்றார்கள். ராசா வேசக்காரரோடு படம் எடுக்கலாமென்று முதல்நாளே ஒலிபெருக்கியில் சொல்லியாயிற்று. ராசாவைத்தான் காணவில்லை.

"ராசா வேசம் கட்டின நாவாந்துறை நீக்கிலாப்பிள்ளை அண்ணையோ? பாடிப் பாடித் தொண்டை கட்டிப்போச்சு. உடுப்பைக் கழட்டிப்போட்டு எங்கையோ படுத்திட்டார்," என்றார் மத்தளக்காரர்.

சுன்னாகத்திலிருந்து கமராவோடு வந்த தியாகலிங்கத்துக்கு வியர்த்தது. வெறுங்கையோடு அனுப்பினால் சனம் கமராவைக் கடலில் எறிந்துவிடும். மேடைக்குப் பின்னால் மணலில் ஒரு மனிதர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். உயரமும் உடம்பும் சரி. தட்டி எழுப்பி, கழட்டிக் கிடந்த ராசா உடுப்பை மாட்டி, அரிதாரம் பூசி, தாடியை ஒட்டி, கிரீடத்தை வைத்தார்.

"அண்ணை, வாயைத் திறக்காதேங்கோ. சும்மா நிண்டாக் காணும்."

ராசாவைக் கண்டதும் சனம், "ஒரு பாட்டு!" என்று கத்தியது.

"அவருக்குத் தொண்டை கட்டிப்போச்சு," என்றார் தியாகலிங்கம். சொன்னது வினையாயிற்று. மக்டலீன் என்ற ரசிகை இஞ்சிக் கோப்பியோடு ஓடிவந்தாள். ராசா குடித்தார். இடப்பக்கத் தாடி கோப்பைக்குள் விழுந்தது.

"ராசாவின்ரை வலப்பக்கந்தான் படத்துக்கு வடிவு!" என்று கத்தினார் தியாகலிங்கம்.

உடனே எல்லோரும் வலப்பக்கத்துக்கு முண்டியடித்தார்கள். அந்த நெரிசலுக்குள் இடுப்பில் சாரமும் தோளில் துவாயுமாக ஒருவர் நுழைந்தார்.

"உது என்ரை உடுப்பு..." குரல் காற்றாய் வந்தது.

"வரிசையிலை வா அண்ணை!"

சனம் அவரைப் பின்னால் தள்ளியது. தியாகலிங்கத்துக்குச் சுருக்கென்றது. விடியவிடிய இவர் பாட்டுக்கு அழுதவர்களில் ஒருவருக்கும் இவர் முகம் தெரியவில்லை. நீக்கிலாப்பிள்ளை தன் கிரீடத்தைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே போய் வரிசையின் கடைசியில் நின்றார்.

மக்டலீனின் முறை வந்தது.

"கொஞ்சம் கிட்ட நில்லுங்கோ, ராசா." அவர் பின்வாங்க, அவள் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, இன்னும் ஒண்டு எடுங்கோ."

இவ்வளவு ஆசையோடு நிற்பவளை ஏமாற்றுகிறோமே என்று நினைத்தபடியே தியாகலிங்கம் இன்னுமொரு படம் எடுத்தார்.

அடுத்த கிழமை படத்தை அவள் வீட்டுக்கே கொண்டுபோனார். அவள் முந்தானையால் கை துடைத்து வாங்கி, வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். அவருக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, குறை நினையாதேங்கோ. உது நீக்கிலாப்பிள்ளை அண்ணை இல்லை."

"ஓம், தெரியும். கலியாணத்தண்டைக்குக் கூட என்னோடை படத்துக்கு நிக்கமாட்டன் எண்ட என்ரை மனுசன்தான் உவர், தம்பி."