பொதுப் பெட்டியில் புகுந்த பேய்

"இடம் போதவில்லை" என்று கம்ப்யூட்டர் காட்டியதும் ரிஜிஸ்திராருக்கு ரத்தம் தலைக்கேறியது.

இடம் போதவில்லையா? பெற்ற மகளின் கல்யாண வீடியோவை வைக்க, அவர் கையால் வாங்கி வந்து மாட்டிய பெட்டியில் இடம் இல்லையா?

பதிவு அலுவலகத்தில் ஊரார் சொத்துக்கெல்லாம் நான்கெல்லை சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற்றவர் அவர். வீட்டிலோ ஆளுக்கொரு கம்ப்யூட்டர். குடும்பப் படங்களில் பாதி மகனிடம், பாதி மருமகளிடம். "கூட்டுக் குடும்பத்துல படங்களுக்கு மட்டும் தனிக்குடித்தனமா?" என்று கேட்டு, ஒரு ஹார்ட் டிஸ்க் பெட்டியை வாங்கி வந்தார். வீட்டு நெட்டில் மாட்டிவிட்டால் எல்லாம் அதில் இருக்கும். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும், கூடத்து டிவியிலிருந்தும் பார்க்கலாம்.

உதவிக்கு வந்த மகனை, "உன் வேலையைப் பாரு" என்று விரட்டிவிட்டு, பெட்டியை அலமாரிக்குப் பின்னால் வைத்து ஸ்விட்சைப் போட்டார். கம்ப்யூட்டரில் தேடினார். 'பொது' என்று ஒன்று தெரிந்தது. தட்டினார், திறந்தது.

"ஒரு வயர் மிச்சம் இருக்கேங்க" என்றாள் மனைவி.

"மிச்சம் இருந்தா பத்திரமா எடுத்து வை."

"பெட்டி சத்தமே போடலையே?"

"நல்ல குடும்பத்துப் பெட்டி சத்தம் போடாது."

அந்தப் பெட்டிதான் இப்போது இடமில்லை என்கிறது. அதுவும் இன்றைக்கு! மாலையில் சம்பந்திகள் வருகிறார்கள். கல்யாண ஆல்பத்தில் சம்பந்தியம்மாளின் முகம் ஒரு படத்தில்கூட முழுதாக விழவில்லை. எதிலும் அரைக் கன்னம், இல்லையென்றால் கொண்டை. "எங்களை மதிச்சாத்தானே படத்துல காட்டுவாங்க" என்று அந்தம்மாள் நாலு பேரிடம் சொன்னது இவர் காதுக்கும் வந்துவிட்டது. வீடியோவில் முதல் வரிசையில் இருக்கிறார் என்பதை இன்று டிவியில் காட்டி, குடும்பத்தின் மேல் விழுந்த பழியைத் துடைக்க வேண்டும்.

இடத்தை அடைத்துக் கொண்டிருப்பது எது என்று பார்த்தார். 'சவப்பெட்டிக்குள் ஏப்பம்'. 'பிணவறையில் சீமந்தபுத்திரன்'. 'கொள்ளிவாய் மாமியார்' மூன்று பாகங்கள்.

"எவன்டா இது?" என்று வீடு அதிரக் கத்தினார்.

மகன் எட்டிப் பார்த்தான். "நான் இல்லைப்பா. எனக்கு இருட்டுன்னாலே பயம்."

"பயப்படறவன்தான் ஒளிஞ்சு பார்ப்பான்! நீயாம்மா?"

"ஐயோ மாமா, நான் எதுக்குங்க?" என்றாள் மருமகள்.

"மாமியார் படமா இருக்கேன்னு கேட்டேன்."

"அதுக்குப் படம் எதுக்கு மாமா?" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சமையலறையில் ஒரு கரண்டி ணங்கென்று கீழே விழுந்தது.

"மாடியில குடியிருக்கிற அந்த நர்ஸ் பொண்ணைப் பாருங்க. இருக்கிற இடம் தெரியுதா? அந்த அடக்கத்தைப் பார்த்துத்தான் நம்ம நெட்டையே அதுக்கும் சும்மா குடுத்திருக்கேன். அது வீட்டுல இந்த மாதிரி ஆபாசம் இருக்குமா?" என்றார் ரிஜிஸ்திரார்.

"பேய்ப் படம் ஆபாசம் இல்லைப்பா."

"பேய் என்ன, போர்த்திக்கிட்டா வருது?"

பேய்களை அடியோடு அழித்தார். இடம் கிடைத்தது. வீடியோ ஏறியது. நிம்மதியாகச் சாப்பிட்டு, கண்ணயர்ந்து எழுந்து பார்த்தால், பாதிப் பேய்கள் திரும்பி வந்திருந்தன!

அதுகூடப் பரவாயில்லை. கல்யாண வீடியோவை வைத்த இடத்தில் காணோம். தேடித் தேடி, ஒரு மூலையில் கண்டுபிடித்தார். யாரோ அதை ஒரு ஃபோல்டருக்குள் தள்ளி, அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள். 'யாரோ'.

"என் பொண்ணு கல்யாணம் 'யாரோ'வா? டேய், உன் கூடப் பிறந்தவடா அவ!"

"சத்தியமா நான் தொடலைப்பா."

"பெட்டியிலேயே வைரஸ் இருக்குமோ மாமா?"

"வைரஸ் தமிழ்ல பேர் வைக்குமாம்மா?"

மறுபடியும் பேய்களை அழித்தார். இந்த முறை பெட்டிக்குக் கடவுச்சொல்லும் போட்டார். தம் தகப்பனார், பாட்டனார், கொள்ளுப் பாட்டனார் மூவரின் பெயர்களும் சேர்ந்த நீளமான கடவுச்சொல். 'இனி எவன் நுழைகிறான் பார்க்கிறேன்.'

சம்பந்திகள் வந்தார்கள். உபசாரம் முடிந்தது. கம்பீரமாக டிவியைப் போட்டார். டிவி கடவுச்சொல் கேட்டது. ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்துவதற்குள் தகப்பனார் கடந்தார், பாட்டனார் கடந்தார், கொள்ளுப் பாட்டனாரில் விரல் தவறியது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் தவறியது. கடைசியில் பெட்டி ஒரேயடியாகப் பூட்டிக்கொண்டது.

"பரவாயில்லை விடுங்க சம்பந்தி" என்றார் சம்பந்தியம்மாள், இனிப்பாக. "இருந்தாத்தானே காட்ட முடியும்?"

ரிஜிஸ்திரார் எழுந்து நின்றார்.

"சம்பந்தி முன்னாலேயே கேக்கறேன். அடுத்தவங்க இடத்துல அத்துமீறிப் புகுந்து, அங்க இருக்கறதை அழிச்சிட்டுத் தன்னோடதைக் கொண்டுவந்து வைக்கிறவன் மனுஷனா? முப்பாட்டன் காலத்துலேருந்து பிறத்தியார் எல்லையில கால் வைக்காத குடும்பம் இது. அப்படி ஒரு ஆள் இந்த வீட்டுல இருந்தா, இப்பவே வெளியே போகட்டும்!"

அப்போது கதவு மெல்லத் தட்டப்பட்டது. மாடி வீட்டு நர்ஸ்.

"வாம்மா, வா. பாருங்க சம்பந்தி, குணம்னா இந்தப் பொண்ணுதான். என்னம்மா வேணும், தயங்காம சொல்லு."

நர்ஸ் கூட்டத்தைப் பார்த்துக் கூச்சத்தோடு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "உங்க நெட்டுலதானேங்கய்யா என் ஹார்ட் டிஸ்க்கையும் மாட்டி வெச்சிருக்கேன், அதுக்குள்ள யாரோ புகுந்து என் பேய்ப் படத்தையெல்லாம் அழிச்சு, இப்போ பூட்டும் போட்டுட்டாங்க; பாவம், அவங்க கல்யாண வீடியோவை அழிக்க எனக்கு மனசு வரலை, 'யாரோ'ன்னு தனியா எடுத்து வெச்சிருக்கேன்... அட, முதல் வரிசையில உக்காந்திருப்பாங்களே, அது இந்தம்மாதானே?"