வெயில் காயப் போன கம்பளி

சித்திரை வெயிலில் மெட்ராஸ் பட்டணமே வெந்துகொண்டிருக்கும்போது குளிரில் பல் கிட்டிப்போன ஒரே மனிதர் எங்கள் கம்பளிதான். லீவு கேட்கப் போன இடத்தில் உண்மைக் காரணத்தைச் சொன்ன முதல் ஆசாமியும் அவர்தான். இரண்டில் எது பெரிய அதிசயம் என்று கேட்டால், இரண்டாவதுதான் என்பேன். சந்தேகப்படுகிறவர்கள் நாளைக்கே தங்கள் ஆபீசில் உண்மையைச் சொல்லிப் பார்க்கலாம்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ராயபுரத்தில் மீன் ஏலம் போடுகிற கரைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ஐஸ் கம்பெனி. நான் அங்கே கணக்கு எழுதினேன். ஆகவே எல்லோருக்கும் ‘ரைட்டர்’. கம்பளி உள்ளே ஐஸ் எடுக்கிறவர். தகரப் பெட்டிகளில் நல்ல தண்ணீரை ஊற்றி, உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, உறைந்ததும் பாளம் பாளமாக வெளியே எடுத்துக் கொக்கி போட்டு இழுக்க வேண்டும். விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கால் ஈரத்தில், கை பனியில். யுத்தம் முடிந்த கையோடு மூர் மார்க்கெட்டில் குவித்துப் போட்டு விற்ற பட்டாளத்துக் கம்பளிக் கோட்டு ஒன்றை வாங்கி மாட்டினார், பிறகு கழற்றவேயில்லை. தெருவில் எதிரே வருகிறவன் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு விசிறியபடி வருவான். இவர் கோட்டின் கழுத்துப் பித்தானைப் பூட்டிக்கொண்டு போவார். அவருடைய சொந்தப் பெயர் அவர் சம்சாரத்துக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

அந்தச் சம்சாரத்தின் பெயர் கன்னியம்மா. தலையில் மீன் கூடையோடு ராயபுரத்தில் கிளம்பி வண்ணாரப்பேட்டை வரைக்கும் தெருத் தெருவாகக் கூவிக்கொண்டு போகிறவர். புருஷன் நாளெல்லாம் உறைவார், பெண்டாட்டி நாளெல்லாம் காய்வார். ராத்திரி ஒரே கூரையின் கீழ் ஒருவர் போர்வையை இழுப்பார், ஒருவர் விசிறியைத் தேடுவார். கல்யாணமான நாளாக இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ரயில் ஏறியதில்லை. ஒரு தடவையாவது எங்காவது போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று கம்பளிக்கு ஆசை. அந்த ஆசைதான் எங்கள் கம்பெனியை ஆட்டி வைத்தது.

முதலில் ஊரைத் தேர்ந்தெடுப்பதிலேயே சண்டை.

“ஊட்டிக்குப் போவலாம்யா. அங்க எல்லாரும் கோட்டு போட்டுகினுதான் நடப்பாங்களாம்” என்றார் கன்னியம்மா.

“நான் டெய்லி கோட்டு போட்டுகினுதான் கீறேன். அத்தப் பாக்க ரயில் ஏறணுமா?”

தெருவே கூடி யோசனை சொன்னது. குற்றாலம் என்றார்கள். ஜில்லென்ற தண்ணீர் தலையில் கொட்டும் என்றதும் கம்பளி எழுந்தே போய்விட்டார். மகாபலிபுரம் என்றார்கள். “நம்ம வூட்டாண்ட கீற கடல்தானே அங்கயும் கீது? அது இன்னா வேற கடலா?” என்று கேட்டார். அவருடைய நிபந்தனைகள் தெளிவானவை. வெயில் மண்டையைப் பிளக்க வேண்டும். பார்ப்பதற்கு நாலு இடம் இருக்க வேண்டும். கொஞ்சம் ஆபத்தும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வந்து சொல்வதற்கு என்ன இருக்கிறது? எல்லாவற்றுக்கும் மேலாக, அது சாமி ஊராக இருக்கக் கூடாது.

கம்பளி நாத்திகர் இல்லை. மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினால் முதல் சட்டி அவருடையதுதான். ஆனால் சாமி ஊர் வேண்டாம் என்றதற்கு முகாந்திரம் இருந்தது. எங்கள் முதலாளி தெற்கே இருந்து வந்து தொழில் வைத்த அண்ணாச்சி. தங்கமான மனுஷர். ஆனால் லீவு வேண்டுமென்றால் அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்று, வாயால் காரணம் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரிந்த காரணங்கள் மூன்றே மூன்று: சாவு, கல்யாணம், சாமி. அதனால் கம்பெனியில் எல்லோரும் வேண்டும்போதெல்லாம் யாரையாவது சாகடித்துக்கொண்டிருந்தார்கள். கபாலி என்று ஒருவன், மாமியாரை வருஷா வருஷம் கொன்றான். அந்த அம்மாள் தினமும் கம்பெனி வாசலில் ஆப்பம் விற்றார். அண்ணாச்சியே அவரிடம் ஆப்பம் வாங்கித் தின்றுவிட்டு, உள்ளே வந்து கபாலியிடம் துக்கம் விசாரிப்பார். யாருக்கும் இதில் ஒரு கூச்சமும் கிடையாது.

கம்பளிக்கு மட்டும் கூச்சமாக இருந்தது. “தொர ஊட்டிக்குப் போனா அதுக்குப் பேரு ஹாலிடே. நான் ஒரு எடத்துக்குப் போவணும்னா மட்டும் எவனாச்சும் சாவணுமா ரைட்டரே?” என்று என்னைக் கேட்டார்.

கடைசியில் கருவாடு ஏற்ற வந்த ஒரு லாரிக்காரர் தம் ஊரைப் பற்றி அலுத்துக்கொண்டார். தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மனுஷனை வறுத்தெடுக்கிற வெயில். கோட்டையைச் சுற்றி அகழி, அதில் ஒரு காலத்தில் முதலைகள் கிடந்தனவாம். கம்பளி அவரைக் கட்டிப் பிடிக்காத குறை. இப்படியாக வேலூர் முடிவாயிற்று.

கத்திரி தொடங்குகிற வாரம். மீனுக்கும் ஐஸ், கல்யாணத்துக்கும் ஐஸ், சோடாக் கடைக்கும் ஐஸ். அந்த நேரம் பார்த்துக் கம்பளி மேஜைக்கு முன்னால் போய் நின்றார்.

“எதுக்குவே லீவு?”

“வேலூர் பாக்கணும் மொதலாளி.”

“அங்க யாரு இருக்கா?”

“யாரும் இல்ல.”

“யாரும் செத்துட்டாகளா?”

“யாருமே இல்லாதப்ப யாரு சாவறது?”

அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “சரிவே, கோட்டைக்குள்ள ஒரு கோயில் உண்டுமுல்லா? அதைச் சொல்லும், நாளைக்கே போயிட்டு வாரும்.”

“அந்தக் கோயில்ல சாமி இல்ல மொதலாளி.”

“போற வழிக்குப் பக்கத்துல திருத்தணி இருக்கே. ஒரு முடி எறக்குதேன்னு சொல்லும்வே!”

“முடி எறக்கப் போவல. ஊரு பாக்கப் போறேன்.”

அண்ணாச்சிக்கு லீவு கொடுக்கத்தான் ஆசை. ஒரு சின்னப் பொய் போதும், கொடுத்துவிடுவார். அந்தச் சின்னப் பொய்யைத்தான் கம்பளி தர மாட்டேன் என்றார். “காரணமில்லாம போனா, திரும்பி வரும்போது கதவு தொறக்காதுவே” என்றார் அண்ணாச்சி. கம்பளி ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார். மறுநாள் காலை புருஷனும் பெண்டாட்டியும் சென்ட்ரலில் ரயில் ஏறிவிட்டார்கள்.

அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. மனுஷன் காரணமில்லாமல் ரயில் ஏறுவான் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். “வேலூர்ல எவனோ புதுசா ஐஸ் கம்பெனி வைக்கான். நம்ம ஆளைத் தூக்கிட்டான். நீரு போயி ஒளிஞ்சு நின்னு பாத்துட்டு வாரும்” என்று என்னை அனுப்பினார். துப்பறியப் போகிறவனுக்குப் பொட்டுக்கடலையும் வெல்லமும் கட்டிக் கொடுத்த முதலாளியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

காட்பாடியில் இறங்கி, ஜட்கா பிடித்து வேலூர் போய்ச் சேர்ந்தேன். கம்பளியைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கம்பளிக் கோட்டுக்காரர் ஒருவர் என்று ஆரம்பித்ததுமே, “பாறையில மல்லாந்துகினு சிரிக்கிற ஆளா? அதோ, மலையில கீறாரு” என்று ஜட்காக்காரரே கையைக் காட்டினார்.

உச்சி வெயில். மரம் மட்டை இல்லாத மலை. செருப்பை மீறிக் கால் சுட்டது. கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒளிவதற்கு ஒரு செடிகூட இல்லாத அந்த மலையில் துப்பறிந்தபடி ஏறினேன். கம்பளி கோட்டைக் கழற்றித் தலைக்கு வைத்துக்கொண்டு, வெற்று மேலோடு பாறைமேல் கிடந்தார். அந்த மனிதருக்கு மார்பும் முதுகும் உண்டு என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நாலடி தள்ளி, ஒரு கல்லோரத்தில் இருந்த கையகல நிழலில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார் கன்னியம்மா.

“வா நைனா. பாத்தியா, இஸ்துகினு வந்து என்னைக் கருவாடு காயப் போட்டுகினு கீறாரு உங்க ஆளு” என்றார்.

“குந்து ரைட்டரே. பாறை சும்மா தோசக்கல்லு மாதிரி கீது” என்றார் கம்பளி.

“அண்ணாச்சி உடனே வரச் சொன்னார்.”

“யார்னா செத்துட்டாங்களா?”

“இல்லை.”

“கல்யாணமா?”

“இல்லை.”

“கம்பெனில சாமி கீமி வந்துகீதா?”

“அதெல்லாம் ஒன்றுமில்லை.”

“அப்ப நான் எதுக்கு வரணும்? காரணம் வோணாமா?” என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தபடியே கண்ணை மூடிக்கொண்டார்.

கன்னியம்மாவுக்கு அந்தச் சிரிப்பைக் கண்டு பற்றிக்கொண்டு வந்தது. “இந்த வெயிலு ராயபுரத்துல கெடைக்கலியா? தெனம் அதுலதானே வேவறேன்? இதுக்கு ஒரு ரயிலு, ஒரு ஜட்கா!”

“அது வேலை வெயிலு கன்னி. இது சும்மா வெயிலு. எந்திரிச்சு வந்து நின்னு பாரு.”

“நிக்கிறதுல இன்னாய்யா வித்தியாசம்?” என்று வைதுகொண்டே அந்த அம்மாள் எழுந்து வெயிலுக்கு வந்தார். வந்ததும் வலது கை தானாக மேலே போயிற்று, கூடையைப் பிடிக்க. கூடை இல்லை. கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது, பிறகு மெல்லக் கீழே இறங்கியது. கழுத்தை இந்தப் பக்கம் ஒரு தடவை திருப்பினார், அந்தப் பக்கம் ஒரு தடவை திருப்பினார். கீழே கோட்டை, அகழி, தண்ணீரில்லாத ஆறு எல்லாம் தெரிந்தன.

“தலைமேல பாரம் இல்லாம வெயில்ல நின்னதே இல்லய்யா நானு” என்றார். போய்க் கம்பளி பக்கத்தில் பாறையில் உட்கார்ந்துகொண்டார். அதற்கப்புறம் அவர் அந்த நிழல் பக்கமே போகவில்லை. நான்தான் போய் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் கோட்டைக்குள் போனோம். கம்பளி அகழியில் முதலையைத் தேடிக் குனிந்து குனிந்து பார்த்தார், ஒரு எருமைதான் தலை நீட்டியது. சாமி இல்லாத கோயிலுக்குள் நுழைந்தோம். தூணெல்லாம் குதிரையும் யாளியுமாக அப்படியொரு வேலைப்பாடு. காலியாக இருந்த கருவறைக்கு முன்னால் போனதும் கம்பளியின் இரண்டு கைகளும் பழக்கதோஷத்தில் தலைக்குமேல் ஏறிக் குவிந்துவிட்டன. கன்னியம்மா அவர் கையில் பட்டென்று ஒரு அடி போட்டார். “கைய எறக்குய்யா! மொதலாளிக்குத் தெரிஞ்சா சாமி லீவுன்னுடுவாரு!” அவசரமாக நானும் என் கையை இறக்கிக்கொண்டேன்.

நான் ஊர் திரும்பி அண்ணாச்சியிடம் பார்த்ததைச் சொன்னேன். “வெயில்ல உட்கார்ந்தார், அண்ணாச்சி.” “பொறவு?” “படுத்தார்.” அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த வேலூர்க்காரன் என்னையும் விலைக்கு வாங்கிவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார்.

கம்பளி திரும்பி வந்தபோது சொன்னபடியே கதவு சாத்தியிருந்தது. கன்னியம்மாவும் கூடையோடு வந்து நின்றார். அண்ணாச்சி வாசலுக்கே வந்தார். “எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்தை, சாமி கும்பிட்டேன்னு சொல்லிட்டு உள்ள வாரும்வே” என்றார். அவர் குரலில் கெஞ்சல்தான் இருந்தது.

நான் கம்பளியின் காதில், “நீங்கள் கை தூக்கினீர்களே. கும்பிட்டேன் என்றால் பொய்யில்லையே” என்றேன். வேலை போனால் இரண்டு வயிற்றுக்கும் அந்த ஒரு கூடைதான். கம்பளி தடுமாறினார். வாயைத் திறந்தார்.

“தா, சொல்லாதே!” என்றார் கன்னியம்மா. கூடையை இறக்கிக் கீழே வைத்தார். “மொதலாளி, பொறந்ததுலேர்ந்து எனக்குன்னு ஒரு நாளு போனது அதான். சாமிக்குன்னு சொன்னா அந்த நாளு சாமிக்குப் பூடும். சாமிக்கு எத்தினியோ நாளு கீது. எனக்கு ஒண்ணுதான். அத்த யாருக்கும் தர மாட்டேன். வேலை போனா போவுது.”

அண்ணாச்சி உள்ளே போய்விட்டார். அவர் நாற்காலியில் உட்காருவதற்குள் கபாலி போய் எதிரே நின்றான்.

“உமக்கு என்னவே? மாமியாரா?”

“மாமியாரு நல்லாத்தான் கீறாங்க மொதலாளி. எனக்குத் தூங்கணும். அதுக்கு ஒரு நாளு லீவு.”

அவனுக்குப் பின்னால் இன்னொருவன் நின்றான், அவனுக்குக் காற்றாடி விட வேண்டும். அவனுக்குப் பின்னால் நின்றவனுக்குப் பெண்டாட்டியோடு சண்டை போட்டு முடிக்க வேண்டும், ராத்திரி நேரம் போதவில்லை. தொட்டியில் ஐஸ் எடுக்க ஆளில்லாமல் கிடந்தது. அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார். “ஆளாளுக்கு உண்மை பேசினா நான் எப்படிவே தொழில் நடத்த?” என்று அலறினார். “போயி அந்தக் கம்பளிப் பயலை உள்ள கூப்பிடும்!”

அன்று சாயங்காலம் எல்லோரும் போனபின் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டு, மெதுவான குரலில், “அந்தப் பாறை வேலூர்ல எந்தப் பக்கம்வே இருக்கு?” என்று கேட்டார்.

இப்போது கம்பளியும் இல்லை, கன்னியம்மாவும் இல்லை. இன்றைக்கும் கத்திரி வெயிலில் எல்லோரும் விசிறிக்கடியில் ஒதுங்குகிற நேரத்தில் நான் மொட்டை மாடிக்குப் போய்ச் சற்று நின்றுவிட்டு வருகிறேன். கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று வீட்டில் திட்டுகிறார்கள், காரணம் கேட்கிறார்கள். சொல்வதற்கு என்ன இருக்கிறது? அந்த இரண்டு பேர்மேலும் எனக்கு அவ்வளவு பிரியம்.