கரிச்சான் கும்பலைப் பற்றி மாமாவுக்கு

மாண்புமிகு வன அதிகாரியும் என் சொந்தத் தாய்மாமாவும் ஆகிய தங்களுக்கு, நலம் விசாரிக்க நேரமில்லாத மருமகன் எழுதிக்கொள்வது.

நம் வீட்டு அடுப்படியில் தீப்பெட்டி ஒன்று காணாமல் போயிற்று என்பதைக் கனத்த இதயத்தோடு தெரிவிக்கிறேன். "எங்கயாவது விழுந்திருக்கும், வேற வாங்கிக்கலாம்டா" என்று அம்மா வழக்கை முடித்துவிட்டாள். நான் முடிக்கவில்லை. ஏனென்றால் அக்கா இரண்டு வாரமாகச் சட்டையெல்லாம் புகைவாசனையோடு வருகிறாள், கேட்டால் ஆராய்ச்சி என்கிறாள், காட்டைப் படிக்கப் போகிறவள் மேல் பூவாசனை அல்லவா வர வேண்டும் என்று சந்தேகப்பட்டு அவள் நோட்டைத் திறந்தேன். "தீ வைத்த அன்றே கரிச்சான் 6. சிலம்பன் 8, ஓட்டம். நாலாம் மாதம் சின்னான் 3."

எனக்கு வேர்த்துவிட்டது மாமா. ஆறு மணிக்கு வரும் கரிச்சான் யார்? பெயரிலேயே கரி. எட்டு மணிக்கு ஓடிய சிலம்பன் கம்பு சுற்றுகிறவனாக இருக்க வேண்டும்.

"சின்னான் யாருக்கா?"

"காட்டுல இருக்கான். காலையில நல்லாப் பாடுவான். உனக்கெதுக்கு?"

எவ்வளவு துணிச்சல் பாருங்கள். தங்கள் கண்ணிலேயே மண்ணைத் தூவுகிறாள். நேற்று, அவள் சிவப்புக் கயிறு கட்டி வைத்திருந்த காட்டுத் துண்டுக்குப் போய், பக்கத்திலிருந்த வனத்துறை நாற்றங்கால் குழாயை இழுத்துச் சருகெல்லாம் சொதசொதவென்று ஆகும்வரை இரண்டு மணி நேரம் நனைத்தேன். ஒற்றை ஆளாகக் காட்டைக் காத்தேன். அக்காவை மிரட்டி மட்டும் விடவும். அவள் உள்ளே போனால் எனக்குக் கணக்குச் சொல்லித்தர ஆளில்லை.

அத்தைக்கு வணக்கம். தங்கள் மீசைக்குத் தனி மரியாதை.

இப்படிக்கு,
காட்டின் காவலன்

பின்குறிப்பு: தீ பற்றவில்லை என்று திரும்பி வந்த அக்கா இதைப் படித்துவிட்டாள். திட்டவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. கரிச்சான், சிலம்பன், சின்னான் எல்லாம் பறவைகளாம். ஆறு என்பது மணியில்லை, எண்ணிக்கை. தீக்குத் தப்பிப் பறக்கும் பூச்சியைப் பிடிக்கக் கரிச்சான் வருமாம். புதர் எரிந்தால் சிலம்பன் இடம் மாறுமாம். அப்புறம் முளைக்கும் செடிகளைத் தேடிச் சின்னான் வருமாம். அந்த மண்ணில் கிடக்கும் விதைக்குச் சூடு பட்டால்தான் ஓடு வெடிக்குமாம். மற்ற துண்டுகளை முன்பே எரித்தாயிற்றாம், மிச்சமிருந்த இந்தத் துண்டை எரிக்க அனுமதி இன்று ஒரு நாளைக்குத்தான். கையெழுத்துத் தாங்களே போட்டதாம். அடுத்த வாரம் மழை வந்தால் அவளுடைய இரண்டு வருட உழைப்பும் தண்ணீரில் போகும், ஊற்றியவன் நான். வியாழக்கிழமைக்கு இன்னொரு கையெழுத்துப் போடுங்கள் மாமா. அதுவரை நான் சருகைப் புரட்டிப் புரட்டிக் காயவைக்கிறேன்.

ஒற்றை ஆளாகக் காத்ததும் முழு உண்மையில்லை. குழாயைத் திறந்துவிட்டு, சிலம்பன் வந்துவிடுவான் என்று இரண்டு மணி நேரமும் மரத்தின் மேல்தான் இருந்தேன். அவன் என் உள்ளங்கையில் அடங்குவானாம்.