முப்பத்தொரு செல்லாத வாக்குகள்

லண்டன்
14-06-1992, ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்புக்குரிய கணேசலிங்கம் அத்தானுக்கு,

மைத்துனன் சபாரத்தினம் எழுதிக்கொள்வது. நானும் வசந்தமலரும் இங்கே எட்டாம் மாடியில், கீழே இறங்க வழியில்லாத அளவுக்குச் சுகமாக இருக்கிறோம். நீங்களும் ராஜலட்சுமி அக்காவும் வெள்ளவத்தைக் கடற்காற்றில் குறைவின்றி இருக்க ஆர்ச்வே முருகனை வேண்டுகிறேன். கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி இல்லையே என்று அக்கா பதறவேண்டாம். காரணம் கீழே வருகிறது. அந்த இடம் வரும்போது சிரிக்கவும் வேண்டாம்.

பென்சன்காரர் சங்கத்தில் ‘இங்கிலாந்தின் உள்ளூராட்சித் தேர்தல்கள்: ஓர் ஒப்பற்ற முன்மாதிரி’ என்று பேசப்போவதாகவும், அதற்கு எங்கள் பரோவின், அதாவது எங்கள் பகுதி நகரசபையின், தேர்தல் வரலாற்றை விபரமாக எழுதி அனுப்பும்படியும் கேட்டிருந்தீர்கள். முதலில் தலைப்பை மாற்றுங்கள். பரோவின் பெயரையும் மேடையில் சொல்லவேண்டாம். மானநட்ட வழக்குப் போடுவதற்கு மட்டும் இவர்களிடம் எப்போதும் ஆள் இருக்கும். வரலாறு வேண்டுமென்று நான் நூல்நிலையத்துக்கும் போனேன். அது ஒரு மெல்லிய புத்தகம். 1964 இல் பழைய பரோக்கள் இரண்டை ஒன்றாக ஒட்டித் தேர்தல் வைத்தார்கள், ஒரு கட்சி வென்றது. 1968 இல் வைத்தார்கள், அதே கட்சி. 71, 74, 78, 82, அதே கட்சி, அதே கட்சி. எழுதியவருக்கே அலுத்துப்போய்க் கடைசி நாலு பக்கத்துக்கும் பூங்காவில் உள்ள வாத்துக்களின் படத்தைப் போட்டு முடித்திருக்கிறார். சங்கத்தாருக்கு இவ்வளவும் போதும், மீதி உங்களுக்கு.

யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்க அதிபரின் கீழ், இருபத்தேழு வருடம் தேர்தல் பகுதியில் கிளாக்காக இருந்தவன் நான். வாக்குப்பெட்டிக்கு அரக்கு முத்திரை வைத்த கை இது. இங்கே வாக்குச்சாவடி என்பது பாலர் பள்ளியில் ஒரு அறை. ஆறு வயதுப் பிள்ளைக்கு அளவான கதிரையில் ஒரு மனுசி இருந்து கம்பளி பின்னுகிறா. பொலிஸ் இல்லை, விரலில் மை இல்லை, அடையாள அட்டை இல்லை. பெயரைச் சொன்னால் தாளைத் தருகிறா. பெயருக்கு நேரே பெருக்கல் குறிபோலப் புள்ளடி போடுகிற பென்சிலை மட்டும் நூலில் கட்டி வைத்திருக்கிறார்கள். பிரஜாவுரிமைகூட இல்லாத எனக்கு, கொமன்வெல்த் நாட்டுக்காரன் என்று சொல்லி வாக்கைத் தூக்கித் தந்த நாடு, ஒரு பென்சிலை நம்பித் தராது.

எங்கள் பிரச்சினை ஒன்றே ஒன்று, லிப்ட். 1986 மார்ச் மாதம் அது நின்றது. வசந்தமலருக்கு அப்போதே முழங்கால் சரியில்லை. அந்த மே மாதம் தேர்தல். கட்சிக்காக வீடு வீடாக வருகிற மிஸ்டர் பார்லோ என்பவர் கீழ்வாசலில் நின்று பெல் அடித்து, சுவரில் பதித்த பேசும் பெட்டிக்குள்ளால் என்னோடு கதைத்தார். லிப்ட் வேலை செய்யாததால் மேலே வரமுடியவில்லையாம், மன்னிக்கவேண்டுமாம், தங்களுடைய ஆள் வென்றால் முதல் வேலை லிப்ட்தானாம். லிப்டைத் திருத்துவோம் என்ற வாக்குறுதியை, லிப்ட் இல்லாதபடியால், எட்டு மாடி கீழே நின்று தந்த ஆளை நீங்கள் கண்டிருக்கிறீர்களா? அந்த ஆளின் கட்சிக்குத்தான் வெட்கமில்லாமல் நானும் புள்ளடி போட்டேன். நாலு வருடம் ஓடியது. 1990 தேர்தல் வந்தது. அந்த வருடம் ஆள்தலைக்கு இவ்வளவென்று வந்த புதுத் தலைவரிக்குப் பயந்து அரைவாசிச் சனம் வாக்காளர் இடாப்பில் பெயரே பதியவில்லை. எங்கடை சனம் மட்டும், அரசாங்கக் கடுதாசி வந்தால் உடனே நிரப்பிக் கொடுத்துப் பழகியபடியால், பதிந்து வரியும் கட்டியது. தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கையில் நாலு பேர் வந்து லிப்டின் கதவுக்குப் பச்சை வர்ணம் பூசிவிட்டுப் போனார்கள். ஓடாத லிப்ட் புதுக்கதவோடு நின்றது. வசந்தமலர் கடைசியாக ஆர்ச்வே கோயிலுக்குப் போனது 1989 தைப்பூசத்துக்கு. அன்றைக்கு மேலே ஏறி வர ஒன்றேகால் மணித்தியாலம். அதற்குப் பிறகு அவள் உலகத்தைச் சமையலறை யன்னலால்தான் பார்க்கிறாள்.

இந்த வருடம் எங்கள் கவுன்சிலர் பதவியை விட்டுவிட்டு ஸ்பெயின் நாட்டு வெயிலுக்குக் குடிபோய்விட்டார். இடைத்தேர்தல் என்று அறிவித்தார்கள். கட்சி வேட்பாளர் யார் என்கிறீர்கள், அதே பார்லோ! எனக்கு வந்த கோபத்தில் நான் சுயேச்சையாக நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஃபாரஸ்ட் கேட்டில் கடை வைத்திருக்கிற பத்மநாதன்தான் எனக்கு ஏஜென்ட். “அண்ணை, வெள்ளையள் இடைத்தேர்தலுக்கு வெளிக்கிட மாட்டினம். எங்கட சனமும் இந்த மாடிச் சனமும் வந்தாலே காணும். நீங்கள் வெண்டிட்டியள் எண்டு நினையுங்கோ” என்றார். வசந்தமலரிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “நிக்கிறதெண்டால் நில்லுங்கோ. சால்வையைப் போத்துக்கொண்டு போங்கோ, வெளியில குளிர்” என்றாள். வேட்பாளரின் மனைவி சொல்லுகிற வார்த்தையா இது?

எங்கடை சனத்துக்கு வாக்குப் போடத் தெரியுமா என்பதுதான் எனக்குக் கவலை. ஊரில் விருப்பு வாக்கென்று ஒன்று, இரண்டு, மூன்று போட்டுப் பழகியவர்கள். ஆகவே மாதிரி வாக்குச்சீட்டு ஒன்றை என் கைப்பட வரைந்து, என் பெயருக்கு நேரே புள்ளடி போட்டு, முந்நூறு பிரதி எடுத்துப் பத்மநாதனிடம் கொடுத்தேன். அரிசி வாங்கினவர், கருவாடு வாங்கினவர், ஒருவரையும் விடாமல் பையில் போட்டு அனுப்பினார். சனிக்கிழமை பக்கத்துத் தெரு மண்டபத்தில் வகுப்பும் வைத்தேன். “இதில கிடக்கிறபடி போடுங்கோ. ஒரு கோடு கூடவும் கூடாது, குறையவும் கூடாது” என்று நாலு தரம் சொன்னேன். வாத்தியார் சொன்னால் கேட்கிற சனம் அத்தான் எங்கடை சனம். அதுதான் வினை.

வியாழக்கிழமை தேர்தல், அன்று இரவே எண்ணினார்கள். பத்து மணிக்கு நான் முன்னுக்கு நிற்கிறேன், பார்லோவின் முகம் செத்துப்போயிருக்கிறது. அப்போது எண்ணிக்கைக்குப் பொறுப்பான தெரிவத்தாட்சி அலுவலர் எங்கள் இருவரையும் மேசைக்குக் கூப்பிட்டார். முப்பத்தொரு வாக்குச்சீட்டுத் தனியாக வைத்திருந்தார். எல்லாவற்றிலும் என் பெயருக்கு நேரே அழகான புள்ளடி. எல்லாவற்றின் தலையிலும் ஒரு பிள்ளையார் சுழி! அத்தான், சுழி போடாமல் நான் வெள்ளைத்தாளில் கை வைத்ததில்லை. உப்பு, புளி என்று கடைக்குத் துண்டு எழுதினாலும் போடுவேன். மாதிரிச் சீட்டிலும் கை தன்பாட்டில் போட்டிருக்கிறது. என் கண்ணுக்கு அது தெரியவேயில்லை. வாத்தியார் போட்டபடி இந்த முப்பத்தொரு பேரும் போட்டிருக்கிறார்கள்.

அலுவலர் நல்ல மரியாதையாகக் கேட்டார், இது என்ன அடையாளம் என்று. நான் விநாயகப்பெருமானைப் பற்றி, எந்தக் கருமத்தையும் அவரை வணங்கித் தொடங்குவது பற்றி, எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கால் மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில், “அந்தக் கனவான் இந்த வார்டில் வாக்காளராகப் பதிந்திருக்கிறாரா?” என்று கேட்டார். இல்லை என்றேன். யார் போட்ட வாக்கென்று அடையாளம் காட்டும் குறி இருந்தால் சட்டப்படி செல்லாதாம். முப்பத்தொன்றையும் தள்ளினார். பார்லோ 312, நான் 298. எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், கச்சேரியில் அந்தக் கதிரையில் நான் இருந்திருந்தால், கனவானைப் பற்றி விசாரிக்கக்கூட நேரம் எடுத்திருக்கமாட்டேன். அந்த முப்பத்தொன்றில் ஒரு சுழியின் வால் வளைவு எனக்கு நன்றாகத் தெரிந்த வளைவு. என் வாக்கே செல்லாத வாக்கு.

அடுத்தநாள் கடைக்குப் போனால் பத்மநாதன், “அண்ணை, நான் சுழி போடாமல்தான் போட்டனான். எனக்குத் தெரியும் அது பிழையெண்டு” என்கிறார். தெரிந்தால் ஏனப்பா சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்கள் எலெக்சன் கிளாக்கா இருந்தனீங்கள். உங்களுக்குச் சொல்ல ஏலுமோ?” என்றார். இப்படிப்பட்ட ஏஜென்டும், இப்படிப்பட்ட வாக்காளரும், பெட்டிக்குள்ளால் வாக்குக் கேட்கிற பார்லோவும் சேர்ந்ததுதான் நீங்கள் சொல்லும் ஒப்பற்ற முன்மாதிரி. ஒரு மனிதனின் படியேறி வந்து, நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத் தெரியாதவர்கள் ஆளுகிற ஊர் இது. இதைச் சங்கத்தில் அப்படியே சொல்லுங்கள். என் பெயரையும் போடலாம்.

உங்கள் சின்னவளின் கலியாணப் பேச்சு நல்லபடி முடியவேண்டும். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. முருகன் எல்லோரையும் காக்கட்டும். தேர்தலில் நிற்கிறவர்களைக் கொஞ்சம் கூடுதலாகக் காக்கட்டும்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மைத்துனன்
வ. சபாரத்தினம்

பி.கு: ஒட்டுமுன் கடிதத்தை வசந்தமலரிடம் வாசிக்கக் கொடுத்தேன். முழுக்க வாசித்துவிட்டு, “பார்லோவைப் பற்றி எழுதினது பிழை” என்றாள். அவளுக்குத் தபால் வாக்கு. என்ன போட்டாள் என்று நான் கேட்கவில்லை. கச்சேரிப் பழக்கம், கேட்கவும் தேவையில்லை என்று இருந்தேன். பார்லோவுக்குப் போட்டாளாம்! நான் மண்டபத்தில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த சனிக்கிழமை, அந்த மனுசன் எட்டு மாடியும் ஏறி வந்திருக்கிறார். “இளைச்சு இளைச்சு வாசலில நிண்டவர். தண்ணி குடுத்தனான். குடிச்சிட்டு, ‘உங்கட முழங்கால் எப்பிடி இருக்கு, நித்திரை கொள்ளுறியளோ’ எண்டு கேட்டவர். அவ்வளவு இங்கிலீசு எனக்கு விளங்கும். ஆறு வருசமா நீங்கள் லிப்டைப் பற்றித்தானே கதைச்சனீங்கள். நோகுதோ எண்டு ஒரு நாள் கேட்டனீங்களோ?” என்றாள். ஆகவே மேலே எழுதிய ஒன்றையும் சங்கத்தில் சொல்லவேண்டாம். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, உள்ளே போய் அக்காவுக்கு எங்கே நோகிறது என்று கேளுங்கள். நான் இங்கே இப்போதுதான் கேட்டேன். இரண்டு முழங்காலும் நோகிறதாம் அத்தான். நான் இவ்வளவு காலமும் ஒன்றென்று நினைத்துக்கொண்டிருந்தேன்.