கழற்றியதெல்லாம் உனக்கு

காரின் முகப்பு விளக்கைப் போட்டதும், எதிர்வீட்டு மாடியில் பனியனோடு உட்கார்ந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நாடக மேடையில் ராஜா தோன்றுவதுபோலப் பளிச்சென்று தெரிந்தார்.

"தம்பி! அணைப்பா அதை! கண்ணு போச்சு!"

"எப்படி இருக்கு சார்? கழுகுக்கண் விளக்கு! நம்ம வண்டிக்குன்னே தனியா ஆர்டர் குடுத்துச் செஞ்சது!"

"கழுகை உன் வீட்டுல வெச்சுக்கோ. என் வீட்டுக்குள்ள ஏன் பறக்க விடறே?"

விளக்கை அணைத்துவிட்டு, காரின் மூக்கைத் தடவிக் கொடுத்தார் டர்போ. அலுவலகத்தில் அவர் சரக்குப் பிரிவு மேற்பார்வையாளர். டர்போ என்ற பட்டம் அவரே யோசித்து, அவரே எல்லோரிடமும் சொல்லி, மூன்று முறை நினைவுபடுத்திய பிறகு நிலைத்தது. கார் வாங்கிய பிறகு அவர் படிக்கட்டில் இறங்குவதில்கூட ஒரு வேகம் வந்திருந்தது. லிப்டில் ஏறினாலும் முதல் ஆளாக வெளியே வருவார்.

கார், இரண்டு கதவு வைத்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இந்த விளக்கெல்லாம் மாட்டுவதற்கு முன்பே அதன் படத்தைப் பழைய பந்தயக் கார் சங்கத்துக்கு அனுப்பியிருந்தார். மறுநாளே சங்கத்திலிருந்து ஒரு பெரியவர் போனில் பேசினார்.

"நிஜமாவே அந்த வண்டி உங்ககிட்டதான் இருக்கா? ஞாயிற்றுக்கிழமை வர்றோம். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். இருக்கிறபடியே இருக்கட்டும். சும்மா ஒரு பார்வை பாத்துட்டுப் போறோம்."

டர்போ போனை வைத்துவிட்டுக் கூடத்தில் ஒரு சுற்று ஓடினார்.

"சங்கத்துல சேந்துட்டா அணிவகுப்புல என் வண்டியும் போகும்! நான் ஓட்டிட்டுப் போவேன்! மேனேஜர் குடும்பத்தோட வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்கார்!"

"அவங்கதான் ஒண்ணும் பண்ண வேண்டாம்னு சொல்றாங்களே?" என்றாள் மனைவி.

"அடிப் பைத்தியமே. உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப எங்க அம்மா என்ன சொன்னாங்க? ஒண்ணும் பண்ண வேண்டாம், சும்மா பாத்துட்டுப் போறோம்னுதானே? உங்க வீட்டுல சும்மாவா இருந்தீங்க?"

"வீட்டுக்கே வெள்ளையடிச்சோம்."

"அவ்வளவுதான். சும்மா வர்றோம்னு சொல்றவங்கதான் மூலை முடுக்கெல்லாம் பாப்பாங்க."

அன்று டர்போவின் அம்மா அலமாரியைத் திறந்து பார்த்தது மனைவிக்கு இன்னும் மறக்கவில்லை.

அன்றே வேலை தொடங்கியது. காரிலிருந்த பழைய சாமான்களை டர்போ முகம் சுளித்தபடி கழற்றினார். ஓட்டை ஓட்டையாக ஒரு தகரச் சீட்டு. விரல் கனத்தில் ஒரு மர ஸ்டியரிங். விளக்குகளுக்கு முன்னால் ஏதோ கம்பி வலை. எஞ்சின் மூடி திறந்துகொள்ளாமலிருக்க ஒரு தோல் வார்.

"பாரு, மூடியை வாரால கட்டி ஓட்டியிருக்கான், பஞ்சப் பய. இந்தச் சீட்டுல எலி கடிச்ச மாதிரி ஓட்டை!"

"தூக்கிப் போடப் போறீங்களா?"

"கழட்டினதெல்லாம் உனக்கு. மாட்டறதெல்லாம் எனக்கு. இதுல பின்னாடி சண்டை வரக் கூடாது."

"வராது," என்று அவள் அப்போதே சீட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

தகரச் சீட்டு கூடத்தில் டிவிக்கு எதிரே மாமனாருக்கு நாற்காலி ஆனது. "மாப்ளே, இவ்வளவு நாள் எங்க இருந்துது இது? ஓட்டை வழியா முதுகுக்குக் காத்து வருது!" என்று அவர் அதிலேயே குடியேறிவிட்டார். கம்பி வலை பால் பாத்திரத்துக்கு மூடியாயிற்று. மர ஸ்டியரிங் கூடத்துச் சுவரில் ஏறியது. கொக்கி போட்டு சாவிக் கொத்தும் குடையும் மாட்டினாள். சரியாக மூடாத ஃபிரிட்ஜ் கதவைத் தோல் வார் இறுக்கிப் பிடித்தது. பழைய விளக்குக் கிண்ணங்களில் புதினா தளிர்த்தது.

டர்போ இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவருக்கு எதிர்வீட்டு மாடியில் விழும் விளக்குக் கவலை.

"பண்ணிடலாம் சார்," என்றார் பட்டறைக்காரர். அவர் எதற்கும் முடியாது என்று சொன்னதில்லை. தொழிலில் அவருடைய முக்கியமான கருவி அதுதான். "விளக்கு மேல பாக்குதுன்னா மூக்கைக் கீழ இறக்கணும். முன்பக்கம் ஸ்பிரிங்கை வெட்டிடலாம். ரேஸ் காரெல்லாம் குனிஞ்சுதான் இருக்கும்."

"ரேஸ் காரெல்லாம்" என்ற இரண்டு வார்த்தை போதும், டர்போ கழுத்தை நீட்டிவிடுவார். ஸ்பிரிங் வெட்டப்பட்டது. விளக்கு வெளிச்சம் தெருவில் விழுந்தது. தலைமையாசிரியர் தைலம் தேய்ப்பதைத் தொடர்ந்தார். ஆனால் கேட்டைத் தாண்டும்போது காரின் தாடை சரிவில் கர்ரென்று உரசியது.

"பண்ணிடலாம் சார். பின்னால எடை ஏத்தினா முன்னால தூக்கும். பேட்டரியைப் பின்னாடி டிக்கிக்கு மாத்திடறேன். அப்படியே மேல ஒரு இறக்கை. ரேஸ் காரெல்லாம்..."

"போடு!"

இறக்கை வந்தது. அதில் தாராளமாக இரண்டு போர்வை காயப்போடலாம். மனைவி போட்டும் பார்த்தாள். காரின் மூக்கு நிமிர்ந்தது, தாடை தப்பித்தது, அன்று மாலை தலைமையாசிரியர் மறுபடி பளிச்சென்று தெரிந்தார்.

"தம்பி, நான் உன் விளக்குக்குப் பயந்து அறையை மாத்திட்டேன். இங்கயும் வந்துட்டியே!"

"பண்ணிடலாம் சார்," என்றார் பட்டறைக்காரர், யாரும் கேட்பதற்கு முன்பே. "முன்பக்க ஸ்பிரிங்கை இன்னும் கொஞ்சம் வெட்டிட்டா சமமாயிடும்."

சமமாயிற்று. தரைக்கும் சமமாயிற்று. தெருவில் ஒரு பூனை அடியில் புகப் பார்த்து, முடியாமல், சுற்றிக்கொண்டு போனது.

ஞாயிறு காலை. வானம் மூடிக் கிடந்தது, மின்சாரமும் போயிருந்தது. பட்டறையில் கடைசி அலங்காரத்தை முடித்துக்கொண்டு டர்போ திரும்பினார். புதிய பந்தயச் சீட்டு அவரை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்திருந்தது. தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு என்று பெல்ட்டுகள் நெஞ்சு நடுவே ஒரே பூட்டில் சந்தித்தன. தலையில் காரின் சிவப்புக்கு அச்சாகப் பொருந்திய ஹெல்மெட். அந்தச் சிவப்பில் அவர் அளவு கிடைக்கவில்லை. ஓர் அளவு சிறியதை அழுத்தி மாட்டியிருந்தார். பெரியவர் வரும்போது இந்தக் கோலத்தில் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது திட்டம்.

கேட்டுச் சரிவில் ஏறினார். முன்சக்கரம் தாண்டியது. பின்சக்கரம் தாண்டவில்லை. வயிறு மேட்டில் உட்கார்ந்தது. முன்னால் ஒரு சாய்வு, பின்னால் ஒரு சாய்வு என்று ஆடிவிட்டு, மூக்கை வீட்டு வாசலுக்கு நேராக நீட்டியபடி கார் நின்றது. எஞ்சின் ஒரு தும்மல் போட்டு அடங்கியது.

சத்தம் கேட்டு மனைவி ஓடிவந்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"ம்ம்ப்... பூட்டு... ம்ம்... தெறக்கலை!" என்றது ஹெல்மெட்.

அவள் பூட்டை அழுத்தினாள், திருகினாள், கரண்டிக் காம்பால் தட்டினாள். அது அசையவில்லை. பந்தய வேகத்தில் மோதினாலும் திறக்காது என்று பட்டறைக்காரர் சொன்னது உண்மைதான்.

"பட்டறைக்குப் போன் பண்றேன். ஹெல்மெட்டையாவது..."

"ஐயோ, காது! காது! விடு!"

தெருமுனையில் ஒரு தொப்பி தெரிந்தது. வெள்ளை மீசைப் பெரியவர் ஒருவர் வீட்டு எண்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"வந்துட்டார்! நான் இருக்கேன்னு சொல்லாதே! மாட்டிக்கிட்டு நிக்கறது அசிங்கம். பட்டறைக்காரன் வந்து எடுத்துவிட்டதும் ஸ்டைலா எறங்கி வர்றேன். அதுவரைக்கும் வெளிய போயிருக்கேன்னு சொல்லு!"

"நல்ல கூத்து," என்று அவள் உள்ளே போனாள்.

பெரியவர் காரின் பக்கம் வந்தார். டர்போ கண்ணை இமைக்காமல் நேரே பார்த்து உட்கார்ந்திருந்தார். பெரியவர் இறக்கையைப் பார்த்தார், மேட்டில் உட்கார்ந்த வயிற்றைப் பார்த்தார், ஹெல்மெட்டைப் பார்த்தார்.

"தம்பி, அடுத்தவங்க வீட்டு வாசல்ல இப்படியா நிறுத்தறது?" என்று சொல்லிவிட்டு, சுவரை ஒட்டி உடம்பைக் குறுக்கி உள்ளே நுழைந்தார்.

பாராட்டவில்லை என்றால் பரவாயில்லை. அணிவகுப்பு? மேனேஜர்? மேனேஜர் குடும்பம்?

திறந்த கதவு வழியே பேச்சு கேட்டது.

"வாங்க, உக்காருங்க. அவர் வெளிய போயிருக்கார், வந்துடுவார். கரண்ட் வேற இல்லை."

"பரவாயில்லைம்மா. வண்டியைத்தான் பாக்கணும். அந்தக் காலத்துல மலைப்பாதைப் பந்தயத்துல ஜெயிச்ச வண்டி அது. ராத்திரியெல்லாம் தூக்கமில்லை எனக்கு. எங்க நிக்குது?"

"அது வந்து..." மனைவியின் குரல் இழுத்தது.

இருட்டு! அதனால்தான் கண்ணில் படவில்லை! டர்போவுக்குச் சட்டென்று உற்சாகம் பொங்கியது. கழுகுக்கண்ணை ஒரு முறை காட்டினால் போதும், கிழவர் எழுந்து நிற்பார்! பெல்ட்டுக்குள்ளிருந்து ஒற்றை விரலை நீட்டி, எட்டி, விளக்கைப் போட்டார்.

கூடம் முழுக்க வெள்ளை வெளிச்சம் பாய்ந்தது. கிழவர் எழுந்து நின்றார்.

டர்போ ஹெல்மெட்டுக்குள் சிரித்தார். ஆனால் கிழவர் வெளியே பார்க்கவில்லை. வெளிச்சத்தின் நடுவில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்த மாமனாரைப் பார்த்தார். மாமனாரின் அடியில் பார்த்தார்.

"எடை குறைக்கறதுக்காக ஓட்டை போட்ட சீட்டு!" கிழவர் நாற்காலியருகே குனிந்தார். "கையால போட்ட ஓட்டை! ஐயா, கொஞ்சம் எழுந்திருக்கறீங்களா?"

"மாட்டேன்," என்றார் மாமனார்.

கிழவர் சுவருக்குத் தாவினார். குடையை விலக்கி ஸ்டியரிங்கைத் தடவினார். ஃபிரிட்ஜைக் கட்டிப் பிடித்தார். "பந்தய வார்! அதே பித்தளைக் கொக்கி!" சமையலறை வாசலில் பால் பாத்திரத்தைக் கண்டு கைகூப்பினார். "பறந்து வர்ற கல்லு விளக்கை உடைக்காம இருக்கப் போடற வலைம்மா இது!"

"பாலு பொங்கினாலும் வழியாதுங்க," என்றாள் மனைவி.

"எல்லாம் யாரோடது?"

"என்னோடதுதான். அவரே குடுத்துட்டார். சண்டை வரக் கூடாதுன்னும் சொல்லிட்டார்."

"அப்ப சங்கத்துல உங்க பேரையே சேத்துடறேன். அணிவகுப்புல நீங்கதான் ஓட்டணும்."

வெளியே டர்போ துள்ளினார், திமிறினார், "ம்ம்ப்! ம்ம்ப்!" என்று கத்தினார். பெல்ட் இன்னும் கொஞ்சம் இறுகியது. பதற்றத்தில் விரல் பட்டு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது.

பெரியவர் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு முதல் முறையாக வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு சாமான் கெடாம வண்டியை வீட்டுக்குள்ள வெச்சுக் காப்பாத்தியிருக்கீங்க, நல்லா இருங்கம்மா. ஆமா, வாசல்ல ஏதோ ஒண்ணு வழியை அடைச்சுக்கிட்டுக் கண்ணைச் சிமிட்டுதே, அது யாரோடது?"