ஷாங்காய், வயா ரேணிகுண்டா

பிள்ளைகளே, ரேணிகுண்டாவை விட்டு நகராமலே உலகத்தில் எந்த ஊருக்கும் வழி சொல்லக்கூடிய மனிதர் ஒரே ஒருத்தர்தான். அவர் பெயர் வயா. அம்மா அப்பா வைத்த பெயர் வேறு ஏதோ இருக்கும். அது எனக்குத் தெரியாது. அவருக்கே கையெழுத்துப் போடும்போதுதான் ஞாபகம் வரும் என்று நினைக்கிறேன்.

பஸ்ஸில் "வயா புத்தூர்" என்று போர்டு மாட்டியிருப்பார்கள் இல்லையா, புத்தூர் வழியாகப் போகும் என்று? அந்த வயாதான் இவர். நேராகப் போகிற வழி எதுவும் இவருக்கு ஆகாது. இங்கிருந்து திருப்பதி பத்து கிலோமீட்டர். அதற்கே பஸ், ஷேர் ஆட்டோ, பாசஞ்சர் ரயில் மூன்றையும் விசாரிப்பார். சொந்த மச்சான் கல்யாணத்துக்கு இப்படிப் போய், பந்தியில் இலை எடுக்கும்போது போய்ச் சேர்ந்தார். "ஆனா ரயிலு காலி. காலை நீட்டிக்கினு போனேன்" என்றார் பெருமையாக.

ஸ்டேஷனுக்கு எதிரே அவர் கடை. ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு பழைய கம்ப்யூட்டர், சுவரில் தெலுங்குப் பஞ்சாங்கக் காலண்டர். ரயில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தவர், நம்ம பக்கத்துப் பிள்ளைகள் படிக்க சீனாவுக்குப் போக ஆரம்பித்ததும் விமான டிக்கெட்டும் போட ஆரம்பித்தார். விமானத்தில் ஒரு நாளும் ஏறினதில்லை.

நான் ரேணிகுண்டாவில் ஒரு பட்டறையில் லேத்து ஓட்டுகிறேன். படிப்பு பத்தாவதோடு சரி. என் மூத்த மகள் ரூத்துக்கு ஷாங்காயில் ஒரு யுனிவர்சிட்டியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. ஒரு புதன்கிழமை சாயந்திரத்துக்குள் அங்கே போய்ப் பேரைப் பதிய வேண்டும். தவறினால் இடம் அடுத்த ஆளுக்கு. விசா கைக்கு வந்தபோது மீதி பத்தே நாள். கடைசி நேரத்தில் விமான டிக்கெட் விலை எப்படி இருக்கும் என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். நான் வயாவிடம் ஓடினேன்.

"நேரா போறது வேணாண்ணா. அந்தக் காசுல வயாவுல ரெண்டு பேரு போலாம்."

"ஒருத்திதானே போறா?"

"அப்ப பாதி காசு. கணக்கு சரிதானே?"

தேட உட்கார்ந்தார். கொழும்பு வழியாகப் பார்த்தார், பாங்காக் வழியாகப் பார்த்தார். திடீரென்று கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வெளியே போய் டீ குடித்தார். வந்து, ஆணியில் தொங்கிய வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"சட்டை எதுக்கு வயா?"

"ஒரே ஆளு திரும்பத் திரும்பத் தேடினா இது வெல ஏத்துதுண்ணா. வேற ஆளுன்னு நெனைக்கட்டும்."

அன்றைக்கு மூன்று சட்டை மாற்றினார். மூன்றாவது சட்டையில் கிடைத்தது. சென்னையிலிருந்து கோலாலம்பூர் ஒரு டிக்கெட், அங்கிருந்து ஷாங்காய் தனியாக இன்னொரு டிக்கெட். இரண்டையும் சேர்த்தாலும் நேர் விமானத்தில் பாதிதான் வந்தது. கிளம்புவது செவ்வாய்க்கிழமை. காலண்டரில் விரலை வைத்தார். அன்றைக்கு அஷ்டமி.

"அதான் மலிவு. அஷ்டமின்னா நம்ம ஆளு ஒருத்தனும் ஏறமாட்டான். சீட்டு காலி. நீங்க வேதக்காரங்க, உங்களுக்கு அஷ்டமி நவமி கெடையாது. இது அந்த ஆண்டவரே குடுத்த டிஸ்கவுண்டுண்ணா."

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டில் சொன்னதும் என் சம்சாரம் முகம் மாறியது. மூன்று தலைமுறையாகச் சித்தூர் சபையில் இருக்கிற குடும்பம். ஒரு ஞாயிறு ஆராதனையும் தவறவிடமாட்டாள். அவள் மறுநாள் கடைக்கே வந்துவிட்டாள்.

"செவ்வாக்கெழம வேணாம்பா. பாஸ்டரு காதுக்குப் போவவேணாம். ஆனா எனக்கு மனசு ஒப்பல."

"யக்கா, சீனாக்காரனுக்கு செவ்வாக்கெழம தெரியாது."

"எனக்குத் தெரியுமே!"

வயா யோசித்தார். "சரி, பொட்டிய திங்கக்கெழமையே என் கடையில கொண்டாந்து வச்சிடுங்க. பொட்டி பொறப்பட்டா ஆளு பொறப்பட்ட மாதிரி. செவ்வாக்கெழம பொண்ணு சும்மா அது பின்னால போவுது."

அதற்கு அவள் ஒத்துக்கொண்டாள். டிக்கெட் போட்டாயிற்று.

இனிமேல்தான் சிக்கல். தனித்தனி டிக்கெட் என்றால் கோலாலம்பூரில் இறங்கி, வரிசையில் நின்று பாஸ்போர்ட் காட்டி, பெட்டியை வாங்கி, மறுபடியும் அடுத்த விமானத்துக்குப் போட வேண்டும். முதல் விமானம் லேட் ஆகி இரண்டாவதைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பில்லை. டிக்கெட்டும் போச்சு, படிப்பும் போச்சு. வயா நடுவில் ஆறு மணி நேரம் விட்டிருந்தார். அதுவும் அவருக்குப் போதவில்லை.

"ஒத்திக பாக்கணும்" என்றார்.

சனிக்கிழமை காலை ரூத்தையும் என்னையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். ஒன்றாம் பிளாட்பாரம் கோலாலம்பூர். மேம்பாலம், பாஸ்போர்ட் வரிசை. மூன்றாம் பிளாட்பார டீக்கடை, பெட்டி வாங்குகிற இடம். அஞ்சாம் பிளாட்பாரம், ஷாங்காய் விமானம். நிஜப் பெட்டியில் அவள் அம்மா ஊறுகாய் அடுக்கிக்கொண்டிருந்ததால், ஒத்திகைப் பெட்டியில் எடைக்குப் பட்டறைத் துண்டு இரும்பு இருபது கிலோ போட்டிருந்தேன். நான் செய்த தப்பு அதுதான்.

"ஓடும்மா! டீக்கடையில நின்னா பிளைட்டு போயிடும்!" போனில் நேரம் பார்த்துக்கொண்டே வயா கத்தினார். ரூத் பெட்டியை இழுத்துக்கொண்டு பாலம் ஏறினாள். பாலத்தின் நடுவில் டிக்கெட் பரிசோதகர் நின்றிருந்தார்.

"டிக்கெட் ஏதி?"

வயா மூச்சு வாங்க வந்து சொன்னார்: "ஷாங்காய்க்கு இருக்கு சார். பிளாட்பாரத்துக்குத்தான் எடுக்கல."

பரிசோதகர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். லேசில் எழும்பவில்லை. "லோபல ஏமுந்தி?"

உள்ளே என்ன என்று கேட்டால் உண்மையைத்தானே சொல்ல வேண்டும்? "இரும்பு சார்" என்றேன்.

பிள்ளைகளே, எப்போதும் உண்மை பேசுங்கள். ஆனால் ரயில்வே ஸ்டேஷனில் இருபது கிலோ இரும்போடு நிற்காதீர்கள். பத்தாவது நிமிஷம் மூன்று பேரும் ரயில்வே போலீஸ் அறையில் இருந்தோம்.

வயா ரூத் காதில் சொன்னார்: "நல்லதாப் போச்சும்மா. அங்கயும் இப்படித்தான் கேப்பாங்க. பயப்படாம ஃபைல காட்டு."

ரூத் எழுந்து நின்றாள். பாஸ்போர்ட், விசா, யுனிவர்சிட்டிக் கடிதம், இரண்டு டிக்கெட், எல்லாம் வயா அடுக்கிக் கொடுத்த வரிசையில் இருந்தன. எங்கே போகிறாள், எதற்கு, எத்தனை வருஷம், யார் செலவு என்று கேட்கக் கேட்கத் தெலுங்கில் பாதி இங்கிலீஷில் பாதி தெளிவாகச் சொன்னாள். எங்கள் பட்டறை முதலாளி வந்து, இது நம்ம இரும்புதான் என்றார். போலீஸ்காரர் சிரித்துவிட்டார். பிளாட்பாரம் டிக்கெட் எடுக்காததற்கு மட்டும் அபராதம் கட்டிவிட்டு அஞ்சாம் பிளாட்பாரம் போய்ச் சேர்ந்தோம்.

வயா போனைப் பார்த்தார். "ஒரு மணி நாப்பது நிமிஷம். போலீசையும் சேத்து. ஆறு மணி நேரம் தாராளம்."

செவ்வாய்க்கிழமை சென்னையிலிருந்து விமானம் மூன்று மணி நேரம் லேட்டாகக் கிளம்பியது. ரூத்தை விமான நிலையத்தில் விட்டுத் திரும்பிய நான், வயா கடையில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருந்தேன். வயா போனில் விமானம் போகிற பாதையையே பார்த்துக்கொண்டு, "ஆறுல மூணு போனா மூணு. நமக்கு வேண்டியது ஒண்ணு நாப்பது" என்று ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். ஜெராக்ஸுக்கு வந்தவர்களை எல்லாம் நாளைக்கு வரச் சொல்லிவிட்டார். என் சம்சாரம் வீட்டிலிருந்து போன் செய்து, "அஷ்டமி இல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

சாயந்திரம் ரூத்திடமிருந்து செய்தி வந்தது:

"நைனா, ஷாங்காய் பிளைட்டுக்கு வந்துட்டேன். இங்க ஆபீசரு ரெண்டே கேள்விதான் கேட்டாரு. நம்ம ரேணிகுண்டாவுல இதவிட அதிகம். டீக்கடையில நிக்கலன்னு வயா மாமாகிட்ட சொல்லு."

வயா அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, "அண்ணா, காலைலேந்து ஒண்ணும் துன்னல, வா போலாம்" என்று ஹோட்டலுக்கு நடந்தார், நேர் வழியில்.

புதன்கிழமை காலை ரூத் இறங்கிவிட்டாள், மத்தியானத்துக்குள் பேரைப் பதிந்துவிட்டாள். சொல்லலாம் என்று கடைக்குப் போனேன். வயா வெளியே டீக்குப் போயிருந்தார், அதாவது யாருக்கோ டிக்கெட் தேடிச் சட்டை மாற்றுகிற வேலையில். காலண்டரைப் பார்த்தேன். அஷ்டமிக்கு அடுத்த கட்டத்தில், பொடி எழுத்தில் "ரூத் எறங்கிச்சு" என்று நான் சொல்வதற்கு முன்னாலேயே எழுதியிருந்தது.

முந்தின மாதங்களைப் புரட்டினேன். கிரண் எறங்கிட்டான். சுமதி எறங்கிச்சு. பாஷா எறங்கிட்டான், பொட்டி மறுநாள். எந்தக் கட்டத்திலும் டிக்கெட் விலை இல்லை, கமிஷன் இல்லை. அதற்குப் பின்னால் போன வருஷக் காலண்டர், அதற்கும் பின்னால் அதற்கு முந்தினது. ஒன்றையும் கழற்றவில்லை. எல்லாம் ஒரே ஆணியில் தொங்கின. ஆணி வளைந்து, இன்றைக்கோ நாளைக்கோ விழுகிற மாதிரி இருந்தது.

மறுநாள் பட்டறையில் வேலை முடிந்ததும், ஒத்திகைப் பெட்டியிலிருந்து நல்ல துண்டாக ஒன்றை எடுத்து, லேத்தில் போட்டுக் கனமாக ஒரு ஆணி கடைந்தேன். நானே கொண்டுபோய் அந்தச் சுவரில் அடித்துக் கொடுத்தேன். இன்னும் இருபது வருஷத்துக்குத் தாங்கும்.